கடைமடைத் தூண்டில்

அப்பா செய்தித்தாளை விரித்தால் முதலில் தேடுவது அணைகளின் நீர்மட்டத்தைத்தான். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118, கொடுமுடியாறு 52.50 என்று உச்ச அளவுகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். அன்றைய அளவை மட்டும் பார்த்துவிட்டு, நிறைய இன்னும் எத்தனை அடி வேண்டும் என்று வாய்க்குள் கணக்குப் போடுவார். மற்றச் செய்திகள் அதற்குப் பிறகுதான். மணிமுத்தாறு பிரதானக் கால்வாயில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஷட்டரைத் திருகித் தண்ணீர் திறப்பது, அடைப்பது, கரையில் உடைப்பு உண்டா என்று சைக்கிளில் போய்ப் பார்ப்பது, மடைச் சண்டைக்கு நடுவில் நின்று சமாதானம் சொல்வது, இவைதான் அவர் வேலை. ஓய்வு பெற்றுப் பதினாறு வருடம் ஆகியும் அந்தக் கணக்கு மட்டும் நிற்கவில்லை.

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் அதிகாலையில் நான் நாங்குநேரியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, அப்பா கையில் மூங்கில் கம்போடு நின்றுகொண்டிருந்தார். கோயம்புத்தூரிலிருந்து ராத்திரி முழுக்க உட்கார்ந்து வந்த களைப்பு அந்தக் கம்பைப் பார்த்ததும் போய்விட்டது. “வீட்டுக்குப் போயிட்டு வருவோமாப்பா?” என்றேன். “வெயில் ஏறுனா மீன் கீழ போயிரும்ட்டி. பைய வீட்டுக்குப் போவோம்” என்றார்.

இந்தப் பயணம் அவர் எனக்குத் தர வேண்டியிருந்த ஒன்று. கடன் விழுந்த இடம் நாங்குநேரி அல்ல, நீலகிரி.

இரண்டு வருடத்துக்கு முன் அப்பாவையும் அம்மாவையும் ஊட்டிக்குக் கூட்டிப்போயிருந்தேன். பூங்காவும் படகும் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அவலாஞ்சியில் மீன் பண்ணை இருக்கிறது என்று சொன்னதும் முகம் மாறியது. எமரால்டு தாண்டி, சோலையும் புல்வெளியும் மாறி மாறி வருகிற அந்தச் சாலையில் அவர் பேசவே இல்லை. ஓடையைக் கண்ட இடத்தில் எல்லாம் எட்டிப் பார்த்தபடி வந்தார். பண்ணையின் சிமென்ட் தொட்டிகளில் ஓடைத் தண்ணீர் ஒரு பக்கம் விழுந்து மறுபக்கம் வழிந்து போய்க்கொண்டிருந்தது. உள்ளே டிரவுட் மீன்கள். விலாவில் இளஞ்சிவப்புக் கோடு, உடம்பெல்லாம் மிளகு தூவியதுபோலக் கரும்புள்ளி. எல்லாம் தண்ணீர் வருகிற திசைக்கு முகம் காட்டி, இருந்த இடத்திலேயே நீந்திக்கொண்டிருந்தன. அப்பா தொட்டி ஓரத்தில் வழிந்த தண்ணீரில் விரலை வைத்து உடனே எடுத்துக்கொண்டார்.

“இதுக்கு எந்த ஊருட்டி?”

“அமெரிக்காவுல மேக்குக் கடற்கரைப் பக்கம்ப்பா.”

“அவ்வளவு தூரத்துலருந்து இங்கன எதுக்குக் கொண்டாந்தானுவ?”

“தூண்டி போட.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். படித்ததைச் சொன்னேன். வெள்ளைக்காரர்களுக்கு ஊட்டி ஓடைகளைப் பார்த்ததும் தங்கள் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. மலையும் குளிரும் இருந்தன, மீன் மட்டும் அந்த மீன் இல்லை. மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே 1860களிலேயே டிரவுட்டைக் கொண்டுவர முயன்று தோற்றார். மீன் முட்டைகளை ஈரப்பாசியில் பொதிந்து, பனிக்கட்டிக்கு நடுவில் வைத்துக் கப்பலேற்றுவது அந்தக் காலத்து முறை. வெப்பக் கடலைத் தாண்டுவதற்குள் பெரும்பாலும் செத்துப்போகும். சென்னை மாகாண அரசு எச்.சி. வில்சனை மீன் வளர்ப்பு வல்லுநராக அமர்த்திய பிறகுதான் காரியம் கைகூடியது. 1907-இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் வந்தது. இலங்கையின் மலைநாட்டில் ஏற்கெனவே வேரூன்றியிருந்த வானவில் டிரவுட் இங்கும் வந்து பிழைத்துக்கொண்டது. இதே காலத்தில் காஷ்மீரத்திலும், பிறகு மூணாறு மலைகளிலும் டிரவுட்டைக் குடியேற்றினார்கள்.

பொய் ஈயைக் கட்டித் தூண்டில் போடுகிற முறையையும் சொன்னேன். முள்ளின் மேல் இறகையும் நூலையும் சுற்றி ஈ போலவே செய்வார்கள். அதற்கு எடையே இருக்காது. ஈயக்குண்டும் கிடையாது. எடை முழுவதும் தடித்த நரம்பில்தான். கம்பை முன்னும் பின்னும் வீசி, நரம்பு காற்றில் நீளமாக விரிந்து, கடைசியில் அந்த ஈ தண்ணீர் மேல் நிஜப் பூச்சி விழுவதைப்போல ஓசையில்லாமல் உட்கார வேண்டும். மீன் மேலே வந்து கவ்வும்.

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். “இது நம்ம விரால் தூண்டிதான். அவன் ஈயக் காட்டுதான், நாம தவளையக் காட்டுதோம்.” பிறகு, ஏதோ மனத்தில் உறுத்தியவர்போல, “ஒனக்கு நம்ம குளத்து மீனே ஒழுங்காத் தெரியாதுல்லா? ஒருநாள் வா. கூட்டிட்டுப் போறேன்” என்றார்.

தெரியாதுதான். சின்ன வயதில் அப்பாவோடு குளத்துக்குப் போனது அண்ணன். நான் வாழைத்தூருக்கு அடியில் நாங்கூழ் தோண்டிச் சிரட்டையில் போட்டுக் கொடுப்பேன். பொம்பளைப் பிள்ளை கரையில் போய் உட்காரக் கூடாது என்று ஆச்சி சொல்லிவிட்டாள். அப்பா மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் கோரைப்புல்லில் கோத்துக் கொண்டுவரும் மீனை ஆய்வதும் நான்தான். செதிலையும் செவுளையும் தெரியும். மீன் தண்ணீரில் எப்படி இருக்கும் என்பது தெரியாது. நாற்பத்திரண்டு வயதில் அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பஸ் ஏறி வந்தேன்.

நாங்குநேரி தாமிரபரணிக் கரை ஊர் அல்ல. இதை வெளியூர்க்காரர்கள் பலர் அறியமாட்டார்கள். திருநெல்வேலியிலிருந்து தெற்கே முப்பது கிலோமீட்டர் தள்ளி, ஆற்றின் பச்சை முடிந்து பனையும் உடைமரமும் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. ஊர்ப் பெயருக்குக் காரணமாகப் பெரிய ஏரியொன்று நான்கானதைச் சொல்வார்கள். பெருமாளின் பெயர் வானமாமலை. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. நம்மாழ்வார் பாடிய சிரீவரமங்கை இதுதான். கோயில் தீர்த்தத்துக்குப் பெயர் சேற்றுத்தாமரை. ஏரி, மலை, சேறு, தாமரை: மழை பெய்தால் மட்டும் நிறைகிற ஒரு நாட்டில் ஊருக்கும் சாமிக்கும் தீர்த்தத்துக்கும் வைத்த பெயர்கள் இப்படி இருக்கின்றன.

ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் ஒன்றின் தண்ணீரும் நேராக இந்தப் பக்கம் வந்ததில்லை. மேற்கு மலையிலிருந்து இறங்கும் பச்சையாறும் நம்பியாறும் கொஞ்சம் கொடுக்கும். 1958-இல் மணிமுத்தாறு அணை கட்டி முடிந்து, அதிலிருந்து தெற்கே வெட்டிய கால்வாய் வந்த பிறகுதான் மணிமுத்தாற்றுத் தண்ணீரை நாங்குநேரிப் பக்கத்துக் குளங்கள் கண்டன. அந்தக் கால்வாய்க்கு நான்கு ரீச். முதல் இரண்டும் மேட்டில், அணைக்குப் பக்கத்தில். மூன்றாவதும் நான்காவதும் நாங்குநேரி, திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம். ‘மூணு நாலு ரீச்சு’ என்றால் எங்கள் ஊரில் கடைமடை என்று பொருள். அப்பா வேலை பார்த்ததும் அங்கேதான்.

நாங்கள் போன குளத்தின் பெயரை எழுதப்போவதில்லை. மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் அப்பாவுக்காக ஒரு காலைப் பொழுது விட்டுக்கொடுத்தார். பெயரை எழுதி அவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது. குளம் முக்கால் பெருகியிருந்தது. மேற்கே மலைத்தொடர் முழுவதும் தெரிந்தது. வெயில் உச்சியில் மட்டும் விழுந்து, அடிவாரம் இன்னும் இருட்டாக இருந்தது. கரையில் காவல்காரர் துண்டால் காதை மூடியபடி உட்கார்ந்திருந்தார்.

“அண்ணாச்சி, பிள்ளையையும் கூட்டிட்டு வந்துட்டீயளா?”

“அவ கேட்டா. கூட்டியாந்தேன்.”

அப்பா உடனே தூண்டிலைப் போடவில்லை. அரை மணி நேரம் கரையில் நடந்தார். நானும் பின்னாலேயே நடந்தேன். ‘தண்ணியப் பாரு’ என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. நான் பார்த்தேன், தண்ணீர்தான் தெரிந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கையைக் காட்டினார். மடைக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் குமிழி வரிசையாக வந்தது: கெளுத்தி சேற்றைக் கிளறுகிறது. தாமரை இலைகளுக்கு நடுவில் ஓர் இலை மட்டும் காற்றில்லாமல் ஆடியது: கெண்டை தண்டை உரசிக்கொண்டு போகிறது. திறந்த இடத்தில் ‘பளக்’ என்று ஒரு சத்தம், வட்டம், அவ்வளவுதான்: விரால் மூச்சு வாங்க வந்துபோனது. விராலுக்குத் தண்ணீரில் கரைந்த காற்று மட்டும் போதாது. அடிக்கடி மேலே வந்து நேராகக் காற்றைக் குடித்தாக வேண்டும். அதனால்தான் குளம் வற்றி எல்லா மீனும் செத்த பிறகும் சேற்றுக்குள் ஈரம் இருக்கும் வரை அது உயிரோடு கிடக்கிறது. கோடையில் தண்ணீரே இல்லாமல் போகிற ஒரு நாட்டுக்கென்று பிறந்த மீன்.

டிரவுட் இந்தத் தண்ணீரில் ஒரு நாள் தாங்காது. இருபது டிகிரிக்கு மேல் சூடேறினாலே அதற்கு வேதனை. சித்திரையில் எங்கள் குளத்துத் தண்ணீர் முப்பதைத் தாண்டும். விராலை அவலாஞ்சித் தொட்டியில் விட்டால் அதுவும் விறைத்துப்போகும். அப்பா விரலை எடுத்துக்கொண்டது ஏன் என்று எனக்கு அந்தக் கரையில் புரிந்தது. அவர் தண்ணீரைக் கையால் அறிந்தவர். அந்தத் தண்ணீர் அவருக்குத் தெரிந்த எந்த மீனுக்கும் உரியதல்ல.

தூண்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்பதடி மூங்கில் கம்பு. நுனி சுண்டுவிரலை விட மெலிது. தங்கூசி நரம்பு, அதில் மயிலிறகின் தண்டில் வெட்டிய மிதப்பு, கீழே உளுந்தளவு ஈயம், முள். மிதப்பு எப்படி அசைகிறது என்பதை வைத்து எந்த மீன் என்று சொல்லிவிடலாம் என்றார் அப்பா. கொத்திக் கொத்தி விட்டால் சின்னப் பொடி. பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு நகர்ந்தால் கெளுத்தி. சாய்ந்து படுத்தால் அடியிலிருந்து ரையைத் தூக்குகிற கெண்டை. ‘ரை’ என்றால் இரை. அவர் வாயில் அப்படித்தான் வரும். ஒரே மூச்சில் மிதப்பு காணாமல் போனால் உடனே இழுக்கக் கூடாது. “மூணு எண்ணு. மூணுக்கப்புறம் தூக்கு. பயந்து தூக்கினேன்னா முள்ளு வாய்க்குள்ள போயிருக்காது.”

முதல் மீன் எனக்கு விழுந்தது. மிதப்பு நடுங்கியது, நகர்ந்தது, நான் இரண்டிலேயே தூக்கிவிட்டேன், ஆனாலும் மாட்டியிருந்தது. கையளவு மீன், சாம்பல் நிறம், முதுகில் முள்வரிசை. அப்பா பார்த்துவிட்டு, “ஜிலேபி” என்றார். அடுத்ததும் ஜிலேபி. அதற்கடுத்ததும். ஒன்றரை மணி நேரத்தில் பதினொரு மீன் பிடித்தோம். ஒன்பது ஜிலேபிக் கெண்டை, ஒரு கெளுத்தி, ஒரு சின்ன ரோகு. ரோகுவும் கட்லாவும் குத்தகைக்காரர் குஞ்சு வாங்கி விட்டவை; வடக்கத்தி ஆற்று மீன்கள். கெளுத்தி ஒன்றுதான் இந்த மண்ணின் பிள்ளை.

ஜிலேபிக்கும் ஊர் இதுவல்ல. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் பிறந்த மீன். 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. நாட்டில் உணவுத் தட்டுப்பாடு இருந்த காலம். எந்தத் தண்ணீரிலும் வளரும், எதையும் தின்னும், சீக்கிரம் பெருகும் என்று அரசே கொண்டுவந்து குளங்களில் விட்டது. சொன்னது எல்லாம் உண்மைதான். தாய் மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்துக் காப்பதால் மற்ற மீன்களின் முட்டை அழியும் இடத்திலும் இதன் குஞ்சு தப்பிவிடும். ஏழை வீட்டுக் குழம்புச் சட்டிக்கு அது கொடுத்ததை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்; நாங்களும் அதைத் தின்று வளர்ந்தவர்கள்தான். ஆனால் குளத்தில் மற்றதற்கு அது இடம் வைக்கவில்லை. உலகத்தில் பிற உயிர்களுக்குப் பெரும் கேடு செய்த 100 அயல் உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர்கள் தொகுத்த பட்டியலில் எங்கள் குளத்து ஜிலேபியும் இருக்கிறது; அவலாஞ்சித் தொட்டியில் கண்ட வானவில் டிரவுட்டும் இருக்கிறது. ஒன்றைக் கொண்டுவந்தது துரைமார்களின் பொழுதுபோக்கு, மற்றொன்றைக் கொண்டுவந்தது பசி. மீனுக்கு அந்த வேறுபாடு தெரியாது. விட்ட இடத்தில் அது பிழைக்கப் பார்க்கிறது.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் மீன்களின் பேரை அடுக்கத் தொடங்கினார். அயிரை, ஆரல், உளுவை, குறவை, சேல் கெண்டை. புதுத்தண்ணீர் வந்து மறுகால் விழுகிற ராத்திரியில் ஓடையை எதிர்த்து மீன் ஏறுமாம். அரிக்கேன் விளக்கோடு போய் ஊத்தா வைத்துப் பிடிப்பார்களாம். குளம் அழிகிற பங்குனியில் ஊரே இறங்கிச் சேற்றில் கைவிட்டுத் தேடுமாம். பேர்களை அவர் சொன்ன வேகம், கால்வாய் மடைகளின் பேரைச் சொல்வாரே, அந்த வேகம். ஒன்றைக்கூட விட்டுவிடக் கூடாது என்ற கவனம்.

வெயில் ஏறுவதற்குள் அவர் விரால் தூண்டிலை எடுத்தார். இது வேறு கம்பு. தடிப்பானது, மிதப்பும் ஈயமும் இல்லை. முள்ளின் நுனியில் தவளை. அதைத் தண்ணீர் மேல் விட்டு விட்டு எடுத்து, தத்தித் தத்திப் போவதுபோல ஆட்டினார். எழுபத்து நாலு வயதுக் கை. மணிக்கட்டு மட்டும் அசைந்தது. அவலாஞ்சியில் நான் வாயால் விவரித்ததை இவர் இங்கே செய்துகொண்டிருந்தார்: முள்ளில் மாட்டிய ஒன்றைத் தானே நகர்வதுபோலக் காட்டுவது.

அப்போதுதான் அதைக் கண்டேன். கரையோரம், கோரைக்குப் பக்கத்தில், தண்ணீருக்குள் செங்கல் பொடியைத் தூவியதுபோல ஒரு சிவப்புத் திரள். அது சேர்ந்தே நகர்ந்தது, விரிந்தது, மறுபடி சேர்ந்தது. “எப்பா, அங்க பாருங்க!” அப்பா கம்பை உடனே தூக்கிவிட்டார். விரால் குஞ்சுகள். நூற்றுக்கணக்கில் இருக்கும். அடியில் தாயும் தகப்பனும் நிற்கும் என்றார். குஞ்சு தானாக இரை தேடும்வரை இரண்டும் அந்தத் திரளை விட்டுப் போகாது. எது கிட்டே வந்தாலும் பாய்ந்து தாக்கும். பசியே இல்லாவிட்டாலும் தவளையைக் கடிக்கும், குஞ்சைக் காக்கத்தான். அதனால் குஞ்சோடு இருக்கிற விராலைப் பிடிப்பது மிக எளிது. எளிது என்பதாலேயே பிடிக்கக் கூடாது என்பது அப்பாவின் தகப்பனார் காலத்து வழக்கம். பெரியது இரண்டையும் எடுத்துவிட்டால் திரள் முழுவதையும் மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும்.

அன்றைக்கு அதற்குப் பிறகு தூண்டில் போடவில்லை. முள்ளிலிருந்து தவளையைக் கழற்றி விட்டார். நாங்கள் இருவரும் கரையில் உட்கார்ந்து அந்தச் சிவப்பு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். “ஒன்ன அப்ப கூட்டிட்டு வந்திருக்கணும். எங்க அம்மை சொன்னான்னு விட்டுட்டேன்” என்றார் அப்பா. நான் பதில் சொல்லவில்லை. தேவைப்படவில்லை.

மத்தியானம் கூந்தன்குளம் போனோம். நாங்குநேரி வட்டத்திலேயே இருக்கிற ஊர். 1994-இல் பறவைகள் சரணாலயம் ஆனது. அதற்கு வெகுகாலம் முன்பே ஊர்க்காரர்கள் பறவைகளைத் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொண்டவர்கள். தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வீட்டுக் கொல்லை மரங்களில்கூட மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டியிருந்தன. கூழைக்கடாக்கள் கூட்டமாக நீந்தி மீனை ஒரு பக்கமாக ஒதுக்கி அள்ளியதை அப்பா வெகுநேரம் பார்த்தார். அந்தக் குளத்துக்கும் மணிமுத்தாற்றுத் தண்ணீர்தான். கடைமடையில் ஷட்டர் திறக்காத வருடம் பறவையும் வராது என்று சொன்னார்.

மறுநாள் வாடகைக் காரில் மேற்கே கிளம்பினோம். களக்காடு, பத்மநேரி, சேரன்மகாதேவி. களக்காட்டுப் பக்கம் ஏத்தன் வாழை. மலை அங்கே சாலையின் தோளுக்கு வந்துவிடுகிறது. தன் கால்வாயைச் சாலை தாண்டுகிற இடத்தில் அப்பா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வைக்கோல் துரும்பைக் கிள்ளிப் போட்டு, அது பாலத்துக்கு அடியில் போய் மறுபக்கம் வரும்வரை எண்ணினார். எவ்வளவு தண்ணீர் விட்டிருக்கிறார்கள் என்பது அவருக்கு அதிலேயே தெரிந்துவிட்டது. “பாதிதான் தொறந்திருக்கான். நாலு ரீச்சுக்கு எட்டாது.” காரில் ஏறிய பிறகும் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வெள்ளங்குளி பக்கத்தில் புதுக்கால்வாயின் தொடக்கம். தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு மூன்றையும் இணைக்கிற திட்டம். கன்னடியன் கால்வாயிலிருந்து பிரிந்து சாத்தான்குளம் பக்கத்து எம்.எல். தேரி வரை சுமார் 75 கிலோமீட்டர். வேலை தொடங்கியது 2009-இல். கடலுக்குப் போகிற வெள்ளத்தை நாங்குநேரிக்கும் ராதாபுரத்துக்கும் திருப்புவது நோக்கம். கடைமடைக்காரர் என்ற முறையில் அப்பாவுக்கு அதில் பெரிய நம்பிக்கை. எனக்கும் உண்டு. ஆற்றின் தண்ணீரோடு ஆற்றின் மீனும் குளங்களுக்கு வரும் என்று அவர் சொன்னபோது, அணை நீர்மட்டக் கணக்கில் இத்தனை நாளும் மீனும் சேர்ந்திருந்ததை அறிந்தேன்.

வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம். எல்லாம் வயல். எல்லாம் பச்சை. இந்த ஊர்களைத் தாண்டும்போது நாங்குநேரிக்காரர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள், அத்தனை தண்ணீர். பாபநாசத்துக்கு மேலே மலை புலிகள் காப்பகம். 1988-இல் களக்காடும் முண்டந்துறையும் சேர்த்து அறிவித்தது. அங்கே தூண்டிலை எடுக்கவே கூடாது. நாங்கள் எடுத்து வரவும் இல்லை. அப்பா எனக்குக் காட்ட நினைத்தது பிடிக்கிற மீனை அல்ல.

பாபநாச சுவாமி கோயிலுக்கு எதிரே படித்துறை. மலையிலிருந்து இறங்கிய ஆறு முதன்முதலாகச் சமவெளி மக்களைச் சந்திக்கிற இடம். படியில் ஒரு பாட்டி பொரி விற்றாள். ஒரு பொட்டலம் வாங்கி ஒரு பிடி தூவினேன். தண்ணீர் கொதித்ததுபோல இருந்தது. முழங்கை நீளக் கெண்டைகள், முதுகு கரும்பச்சை, செதில் ஒவ்வொன்றும் ஐந்து ரூபாய்க் காசளவு, ஒன்றன்மேல் ஒன்று ஏறி வந்தன. மனிதக் காலைக் கண்டு ஒன்றுகூட ஒதுங்கவில்லை. தாமிரபரணியின் மேல்பகுதியில் வாழ்கிற பெருங்கெண்டை இனத்தைத்தான் ஆங்கிலத்தில் மஹ்சீர் என்கிறார்கள். சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த எச்.எஸ். தாமஸ் 1873-இல் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பு பற்றி எழுதிய புத்தகத்தில் முதல் மரியாதை இந்த மஹ்சீருக்குத்தான். அதே மனிதர் 1887-இல் நம் குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றித் தனியாக இன்னொரு புத்தகம் எழுதினார். கடல்தாண்டி வந்தவர்களில் எல்லோரும் தங்கள் ஊர் மீனைக் கப்பலில் வரவழைக்கவில்லை. இங்கே இருந்த மீனை உட்கார்ந்து பார்த்தவரும் ஒருவர் இருந்தார் என்பதில் எனக்கு ஓர் ஆறுதல்.

அப்பா படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டார். இம்முறை எடுக்கவில்லை. குளிர்ந்த தண்ணீர்தான், ஆனால் அவருக்குத் தெரிந்த குளிர். ஒரு கெண்டை வந்து அவர் குதிகாலை முட்டிவிட்டுப் போனது.

“ஒலகத்துல பெரிய மீன எல்லாம் பிடிச்சுத் தின்னு தீத்தாச்சு. இங்கன மட்டும் எப்படி மிஞ்சிருக்கு பாத்தியா? சாமி மீனுன்னு ஒரு சொல்லு. அவ்வளவுதான் காவல்.”

அந்தச் சொல் தூண்டிலிலிருந்து காக்கிறது. துணியிலிருந்து காக்கவில்லை. படிக்குக் கீழே, தண்ணீர் தெளிந்த இடத்தில், நான் முதலில் பாசி என்று நினைத்தது பாசி அல்ல. புடவை. வேட்டி. சட்டை. குளித்துவிட்டு உடுத்தியிருந்த துணியை ஆற்றோடு விட்டால் பாவம் போகும் என்று வருகிறவர்கள் விட்டவை. கல்லுக்குக் கல் சுற்றிக்கொண்டு, மண்ணுக்குள் பாதி புதைந்து, அடுக்கடுக்காகக் கிடந்தன. அவ்வப்போது ஆட்கள் இறங்கி மூட்டை மூட்டையாக வெளியே எடுக்கிறார்கள். மறு அமாவாசைக்கு அதே அளவு சேர்ந்துவிடுகிறது. கெண்டை முட்டையிடுவது கூழாங்கல்லின் இடுக்கில். அந்தக் கல்லின் மேல்தான் நைலான் புடவை போர்த்தியிருந்தது.

அப்பா எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு படி கீழே இறங்கினார். “எப்பா, வழுக்கும்” என்றேன். கேட்கவில்லை. ஒரு கையால் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் ஒரு புடவையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. நானும் இறங்கினேன். இருவரும் சேர்ந்து இழுத்தோம். ஆறு கஜமும் சேறோடு கனமாக வந்தது. பிறகு ஒரு துண்டு. ஒரு குழந்தைச் சட்டை. முக்கால் மணி நேரத்தில் ஒன்பது துணி எடுத்துப் படியில் போட்டோம். கால்வாயில் மதகு அடைத்துக்கொண்டால் இப்படித்தான் இறங்கி எடுப்பார் போலிருக்கிறது. எங்கே பிடித்து, எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரிந்திருந்தது. பொரி விற்ற பாட்டி ஒரு சாக்கு கொண்டுவந்து கொடுத்தாள்.

பாபநாசம் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குளியுங்கள், கும்பிடுங்கள், மீனுக்கு ஒரு பிடி பொரி போடுங்கள். உடுத்திய துணியைப் பிழிந்து வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.